தாடை ஏன் ஒரு பக்கம் ஒதுங்கியது?

வா கண்ணு, உட்கார். இன்றைக்கு நோட்டு வேண்டாம், பேனா வேண்டாம். உன் இரண்டு ஆள்காட்டி விரல்கள் போதும்.

இரண்டு காதுகளுக்கும் கொஞ்சம் முன்னால் விரல்களை வை. இலேசாக அழுத்து. இப்போது வாயை மெல்லத் திற. மெல்ல மூடு. இன்னொரு தடவை.

விரலுக்கு அடியில் ஏதோ புரண்டு, பிறகு முன்பக்கமாக நகர்கிறதா? சபாஷ்! நீ தொட்டது உன் கீழ்த்தாடை எலும்பின் மேல் முனை. டாக்டர்கள் அதைக் ‘காண்டைல்’ என்பார்கள். நாம் தாடைக் குமிழ் என்று சொல்லிக்கொள்வோம்.

அந்தக் குமிழ் உட்காருவதற்கு மண்டையோட்டில் ஒரு குழி இருக்கிறது. காதுத் துளைக்கு நேர் முன்னால் இருக்கிறது அந்தக் குழி. குமிழுக்கும் குழிக்கும் நடுவில் மெல்லிய சவ்வுத் தட்டு ஒன்று. எலும்போடு எலும்பு உரசாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. குமிழ், குழி, சவ்வு மூன்றும் சேர்ந்ததுதான் தாடை மூட்டு.

உன் விரல் மூட்டு மடங்கும், நிமிரும். அவ்வளவுதான். தாடை மூட்டு அதைவிடக் கெட்டிக்காரன். வாயை முதல் 2 சென்டிமீட்டர் அளவுக்குத் திறக்கும்போது குமிழ் இருந்த இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் திறந்தால் குழியை விட்டு முன்னால் சறுக்கி வரும். கொட்டாவி விடும்போது ஒரு முறை விரல் வைத்துப் பார், இரண்டு வேலையும் தெரியும்.

சரி, இப்போது ஒரு கேள்வி. வலப்பக்க மூட்டை அசைக்காமல் இடப்பக்க மூட்டை மட்டும் அசைத்து வாயைத் திறக்க முடியுமா?

முயன்று பார்த்தாயா? முடியாது. ஏனென்றால் கீழ்த்தாடை ஒரே எலும்பு. இந்தக் காதருகே தொடங்கி, மோவாய் வழியாக வளைந்து, அந்தக் காதருகே போய் முடிகிறது. மூட்டு இரண்டு, எலும்பு ஒன்று. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள். இன்றைய கதை முழுக்க இதில்தான் இருக்கிறது.

வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் பலகை ஊஞ்சலைப் பார்த்திருப்பாய். பலகையை இரண்டு பக்கமும் சங்கிலிகள் தாங்கும். வலப்பக்கச் சங்கிலியில் மட்டும் யாரோ ஒரு கண்ணியைக் கூட்டிவிட்டார்கள் என்று வை. என்ன ஆகும்? வலப்பக்கம் தாழ்ந்து, பலகை கோணிக்கொள்ளும். கூட்டியது ஒரே ஒரு கண்ணி. கோணியது பலகை முழுவதும். தாடை மூட்டில் ஒரு கட்டி வளர்ந்தாலும் இதேதான் நடக்கிறது.

“மூட்டில் கட்டியா? அது புற்றுநோயா மாமா?” என்று கேட்கிறாய். நல்ல கேள்வி. பெரியவர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. புற்றுநோய்க் கட்டி பக்கத்துத் தசைகளுக்குள் புகும். இரத்தத்தோடு கலந்து தூரத்து உறுப்புகளுக்கும் போகும். நான் சொல்லப்போகும் கட்டி அப்படி ஊர் சுற்றாது. பிறந்த இடத்திலேயே மெதுவாகப் பெரிதாகும். இதைச் சாதுவான கட்டி என்று சொல்வார்கள். இதன் பெயர் ஆஸ்டியோகாண்ட்ரோமா. பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்படாதே. அடியில் எலும்பு, மேலே குருத்தெலும்பு மூடி. அவ்வளவுதான் அது.

குருத்தெலும்பு எப்படி இருக்கும்? உன் காது மடலை மடக்கிப் பார். வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. அதுவும் ஒரு வகைக் குருத்தெலும்புதான்.

நீ அம்மா வயிற்றில் இருந்தபோது உன் தொடை எலும்பு முதலில் குருத்தெலும்பாகத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறியது. இப்போதும் அதன் முனைகளுக்கு அருகே குருத்தெலும்புப் பட்டை உண்டு. நீ உயரமாவது அதனால்தான். ஆனால் மண்டையோட்டின் மேற்பகுதியும் கீழ்த்தாடையின் பெரும்பகுதியும் வேறு வழியில் உருவாகின்றன. அங்கே குருத்தெலும்பு என்ற நிலையே இல்லாமல், மெல்லிய சவ்வுக்குள் நேராக எலும்பு உண்டாகிறது.

ஆஸ்டியோகாண்ட்ரோமா பெரும்பாலும் எங்கே வரும், சொல் பார்ப்போம்? குருத்தெலும்பு வழியாக வளரும் எலும்புகளில்தானே! முழங்காலைச் சுற்றியும் மேற்கையின் தோள்பக்க முனையிலும்தான் அதிகம் வரும். சாதுவான எலும்புக் கட்டிகளில் இதுவே மிகச் சாதாரணம். முகத்தில் இது அபூர்வம்.

அப்படியானால் தாடைக்கு மட்டும் எப்படி வந்தது? அங்கேதான் ஒரு விதிவிலக்கு. கீழ்த்தாடையின் பெரும்பகுதி சவ்விலிருந்து வந்தாலும், குமிழ் மட்டும் குருத்தெலும்பின் துணையோடு வளர்கிறது. ஆகவே முகத்தில் இந்தக் கட்டி வந்தால், குமிழ்தான் அதற்குப் பிடித்த இடங்களில் ஒன்று. புரிந்ததா? புரியாவிட்டால் மேலே இருக்கும் இரண்டு பத்தியை இன்னொரு முறை படி. அவசரம் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தாடை மூட்டில் இது பெரியவர்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. காதருகே குமிழ் அசைவதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐயோ, எனக்கும் கட்டி!” என்று ஓடாதே. அந்தக் குமிழ் எல்லாருக்கும் உண்டு!

சரி, வலப்பக்கக் குமிழில் கட்டி வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பக்கம் நீளம் கூடுகிறது. ஊஞ்சல் பலகையின் வலப்பக்கம் தாழ்ந்ததல்லவா? இங்கே வலப்பக்கத் தாடை கீழே இறங்குகிறது. அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் மேல் பற்களைத் தொடாமல் நிற்கின்றன. மோவாய் இடப்பக்கமாக ஒதுங்குகிறது. இடப்பக்கத்தில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் மாறிக் கடிக்கின்றன. சிலருக்கு வாய் முழுக்கத் திறக்காது. சிலருக்கு மென்றால் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கும்.

இவ்வளவு நடந்தும் பலருக்கு வலியே இருக்காது! மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல மெல்ல மாறுவதால் கண்ணாடியில் தினமும் பார்க்கிறவருக்கே தெரியாது. “பல் சரியாகக் கடிபடவில்லை டாக்டர்” என்று பல் மருத்துவரிடம் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதனால்தான் டாக்டர், “பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்பார். கல்யாண ஆல்பத்தையும் அடையாள அட்டையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், மோவாய் எந்த வருடத்திலிருந்து நகரத் தொடங்கியது என்று புரிந்துவிடும்.

அடுத்தது உள்ளே பார்க்கும் வேலை. 1895-இல் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். இன்று தாடைக்கென்றே ஓர் எக்ஸ்ரே கருவி இருக்கிறது. சிறிய குச்சி ஒன்றைப் பற்களால் கடித்தபடி அசையாமல் நின்றால் போதும். கருவி தலையைச் சுற்றி வந்து, இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை தாடை முழுவதையும் ஒரே படமாக விரித்துக் காட்டும். இதை ஓ.பி.ஜி. என்பார்கள். இரண்டு குமிழ்களையும் பக்கம் பக்கமாக ஒப்பிடலாம்.

பிறகு சி.டி. ஸ்கேன். 1971-இல் இலண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 1979-இல் அவருக்கும் கார்மேக் என்ற அறிவியலாளருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சி.டி. படத்தில் டாக்டர் ஒன்றைத் தேடுவார்: கட்டியின் எலும்பும் குமிழின் எலும்பும் இடைவெளி இல்லாமல் ஒன்றாகத் தொடர்கின்றனவா? உள்ளே இருக்கும் மஜ்ஜையும் தொடர்கிறதா? தொடர்ந்தால் ஆஸ்டியோகாண்ட்ரோமாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னும் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய எலும்பு ஸ்கேன் உண்டு. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை மிகச் சிறிய அளவில் ஊசி வழியாக ஏற்றுவார்கள். எலும்பு சுறுசுறுப்பாக வளரும் இடத்தில் அது போய்ச் சேரும். கேமரா அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே பயமில்லை.

இந்த வசதி எதுவும் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? 1856-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் ஹம்ஃப்ரி தாடைக் குமிழை வெட்டி எடுத்த செய்தியை எழுதினார். ஈதர் மயக்க மருந்து வந்து 10 வருடங்கள்தான் ஆகியிருந்தன. லிஸ்டர் என்ற மருத்துவர் கிருமிநாசினியோடு அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்க இன்னும் 9 வருடங்கள் இருந்தன. எக்ஸ்ரேயோ இன்னும் 39 வருடங்கள் கழித்துத்தான் வந்தது! விரலால் தடவியும் கண்ணால் பார்த்தும்தான் அவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இனி இன்றைய அறுவை அரங்குக்குள் போவோமா? பயப்படாதே, நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிறார். வலி தெரியாது.

ஒரு விஷயத்தைக் கவனித்தாயா? மூச்சு விட உதவும் பிளாஸ்டிக் குழாய் அவர் வாய் வழியாகப் போகவில்லை, மூக்கு வழியாகப் போயிருக்கிறது. ஏன் தெரியுமா? வாயை மூடிப் பற்கள் பொருந்துகின்றனவா என்று நடுநடுவே பார்க்க வேண்டும். வாயில் குழாய் இருந்தால் எப்படி மூடுவது? வேலை நடப்பது காதருகே. சரியாக நடந்ததா என்று சொல்லப்போவது பற்கள்.

டாக்டர் காதுக்கு முன்னால் தோல் மடிந்திருக்கும் கோட்டில் கீறுகிறார். தழும்பு அந்த மடிப்பிலேயே மறைந்துவிடும். அடுத்த சில மில்லிமீட்டர்கள்தான் மிகவும் ஜாக்கிரதையாகப் போக வேண்டிய இடம். முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் அங்கே ஓடுகின்றன. புருவத்தை உயர்த்தும் கிளை, காதுத் துளைக்கு முன்னால் 8 முதல் 35 மில்லிமீட்டருக்குள் கன்னத்து எலும்பைக் கடக்கிறது. 1979-இல் அல்-காயட், பிராம்லி என்ற இருவர் அளந்து எழுதிய கணக்கு இது. அந்தக் கிளையில் காயம் பட்டால் புருவம் தூக்க முடியாது. அதனால் நரம்பைத் தொடாமல், அது இருக்கும் படலத்தை அப்படியே முன்னால் ஒதுக்கிவிட்டு அதற்கு அடியில் போகிறார்.

இப்போது குமிழ் கண்ணுக்குத் தெரிகிறது. குமிழின் கழுத்துக்கு உட்புறம் பெரிய இரத்தக் குழாய் ஒன்று ஓடுகிறது. எலும்பை வெட்டும் கருவி தவறி அதில் பட்டுவிடக் கூடாது. எலும்புக்குப் பின்னால் தட்டையான உலோகத் தகடு ஒன்றைச் செருகி, அந்தக் குழாயைக் காக்கிறார்கள்.

வெட்டும்போது உதவியாளர் உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கிறார். எதற்கு? நீயே யோசி. உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்தால் என்ன ஆகும்? சூடாகும். எலும்பில் கருவி சுழன்றாலும் சூடாகும். 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு உயிரணுக்கள் கெடத் தொடங்கும். உப்புநீர் அந்தச் சூட்டைத் தணிக்கிறது.

எவ்வளவு வெட்டுவது? இதுதான் டாக்டரின் பெரிய யோசனை. கட்டி குமிழின் ஓரத்தில் சிறு காம்போடு ஒட்டியிருந்தால், கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் குமிழைக் காப்பாற்றுவார். குமிழ் முழுவதையும் கட்டி பிடித்திருந்தால், குமிழோடு சேர்த்து எடுப்பார். அப்போது மிச்சமிருக்கும் கழுத்து முனையை உருண்டையாகத் தேய்த்து, அதையே புதிய குமிழாக்குவார். சவ்வுத் தட்டை அதன்மேல் பழையபடி பொருத்துவார். ஊஞ்சலில் கூடுதல் கண்ணியைக் கழற்றிய பிறகு இரண்டு சங்கிலியும் ஒரே நீளத்துக்கு வந்தாக வேண்டும் அல்லவா? அதிகம் கழற்றினால் பலகை அந்தப் பக்கம் மேலே ஏறிவிடுமே!

அதற்குத்தான் அந்தச் சோதனை. கீழ்த்தாடையை மூடிப் பார்க்கிறார்கள். மேல் வரிசையின் நடுக்கோடும் கீழ் வரிசையின் நடுக்கோடும் நேராக வருகின்றனவா? கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடுகின்றனவா? தொட்டால், டாக்டர் முகமூடிக்குள் சிரித்துக்கொள்வார்.

அதிகம் எடுக்க வேண்டி வந்து, உயரம் குறைந்துபோனால்? அதற்கும் வழிகள் உண்டு. தாடையின் பின் ஓரத்து எலும்பை நீளவாக்கில் பிரித்து மேலே நகர்த்தி, டைட்டானியத் தகடும் திருகும் போட்டு நிறுத்தலாம். நெஞ்சிலிருந்து ஒரு விலா எலும்புத் துண்டை அதன் குருத்தெலும்போடு எடுத்து வைக்கலாம். குழந்தைகளுக்கு இந்த வழி உதவும், ஏனென்றால் அந்தத் துண்டும் வளரக்கூடியது. பெரியவர்களுக்குச் செயற்கை மூட்டும் பொருத்துவார்கள். அதில் குமிழ் உலோகம், குழி உறுதியான பிளாஸ்டிக்.

பல வருடம் கோணியிருந்த தாடையோடு மேல்தாடையும் சாய்ந்திருந்தால் அதையும் நேராக்க வேண்டி வரும். பற்களுக்குக் கம்பி கட்ட வேண்டியிருக்கும். எல்லாம் ஒரே நாளில் முடியாது.

வெட்டி எடுத்த கட்டி எங்கே போகிறது? ஆய்வுக்கூடத்துக்கு. எலும்பை அப்படியே சீவ முடியாது. முதலில் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அமிலத்தில் கரைத்து மிருதுவாக்குகிறார்கள். இதற்கே நாள் கணக்கில் ஆகும். பிறகு ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். மேலே குருத்தெலும்பு, கீழே எலும்பு, நடுவே ஒழுங்காக மாறும் வரிசை. இப்படித் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. அது சாதுவான கட்டியேதான்.

நோயாளி மயக்கம் தெளிந்து கண் திறக்கிறார். டாக்டரின் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? “புருவத்தைத் தூக்குங்க பார்ப்போம். கண்ணை இறுக்கி மூடுங்க. பல்லைக் காட்டிச் சிரிங்க.” விளையாட்டில்லை இது! நரம்புக் கிளைகள் நலமாக இருக்கின்றனவா என்று அப்படித்தான் பார்க்கிறார். சிலருக்குப் புருவம் சில வாரம் சோம்பலாக இருக்கும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

முதல் சில வாரங்களுக்குக் கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், மசித்த இட்லிதான் சாப்பாடு. முறுக்கும் சீடையும் பொறுத்திருக்க வேண்டும். பற்களில் சிறு ரப்பர் வளையங்களை மாட்டித் தாடையைச் சரியான வழியில் பழக்குவார்கள்.

ஆனால் வாயை அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். அதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஐஸ் குச்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைப்பார்கள். டாக்டர் சொல்கிறபடி நாளாக நாளாக ஒரு குச்சியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வாய் 35 மில்லிமீட்டருக்கு மேல் திறந்தால் நல்ல முன்னேற்றம். வலித்தாலும் விடாமல் இதைச் செய்கிறவருக்குத்தான் அறுவைச் சிகிச்சையின் முழுப் பலன் கிடைக்கும். டாக்டர் செய்தது பாதி, நோயாளி செய்ய வேண்டியது மீதி.

கட்டி திரும்பி வருவது மிக அரிது. இருந்தாலும் சில வருடங்களுக்குப் படம் எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இவ்வளவு பொறுமையாகக் கேட்ட உனக்கு ஒரு சின்ன வேலை. கையை நன்றாகக் கழுவிக்கொள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, மேலும் கீழுமாக உன் முன்பற்களுக்கு நடுவே நிறுத்து. நிற்கிறதா? அப்படியானால் உன் வாய் போதிய அளவு திறக்கிறது. அவரவர் வாய்க்கு அவரவர் விரல்தான் அளவு. அப்பாவின் விரலை உன் வாயில் வைத்துப் பார்க்காதே!

வீட்டில் யாருக்காவது மூன்று விரல் போகவில்லை, மோவாய் ஒதுங்குகிறது, கடி மாறுகிறது என்றால், “வலிக்கவில்லையே” என்று விட்டுவிடச் சொல்லாதே. பல் மருத்துவரிடம் கூட்டிப் போகச் சொல். வாய், தாடை, முக அறுவைச் சிகிச்சை என்று தனிப் பிரிவே அவர்களிடம் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. உன் வகுப்பிலோ தெருவிலோ முகம் ஒரு பக்கம் கோணலாக இருக்கும் ஒருவரைப் பார்த்தால், அதை வைத்துப் பட்டப்பெயர் சூட்டாதே. யாராவது சூட்டினால் தடுத்துப் பேசு. எலும்பு வளர்வது யாருடைய தப்பும் இல்லை என்று இப்போது உனக்குத் தெரியும். தெரிந்ததை மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடு கண்ணு.